கூரையைப் பார்த்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள்: எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், திட்டப் பணிக்குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊரில் குடியிருப்பவள் நான். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த உரிமையை நம் கேரள மாநில ஆட்சிமொழிச் சட்டமே தமிழர்களுக்குத் தந்திருக்கிறது. நான் சொல்ல வந்த குறைகளில் ஒன்று மொழியோடும் தொடர்புடையது.

கடந்த கிராம சபையில், இன்னும் பல வீடுகளுக்கு மழைவெள்ளச் சம்பரணி, அதாவது மழைநீர்த் தொட்டி, கட்டித் தரப்போவதாக அறிவித்தீர்கள். மகிழ்ச்சியோடு கை தட்டினேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், எங்கள் தெருவில் ஏற்கெனவே நிற்கும் ஏழு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டில்தான் குடிக்கிற தண்ணீர் இருக்கிறது. மூன்றின் தண்ணீர் மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் போகிறது. ஒன்றுக்கு மூடி இல்லை. கடைசித் தொட்டியில் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏழும் நல்ல தொட்டிகள், ஒன்றில்கூட விரிசல் இல்லை. அவற்றில் ஐந்தைக் கெடுத்தது கூரையிலிருந்து இறங்கிய குப்பைதான்.

நம் பகுதிக்கு இந்தத் தண்ணீர் எவ்வளவு அவசியம் என்று உங்களுக்குத் தெரியும். கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அதில் பாதிகூட வருவதில்லை. குழல்கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போகின்றன. சில கிணறுகளில் ஃபுளோரைடு, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஃபுளோரைடு காய்ச்சினாலும் போகாது. அங்கன்வாடிக்கு வந்த குழந்தைகளின் பற்களில் கறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறுகளின் நினைவுதான் வரும். கூரையில் விழும் மழையில் ஃபுளோரைடு கிடையாது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்தால், 10,000 லிட்டர் தொட்டி 250 நாள் வரும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறையும் ஐப்பசி மழையில் ஒரு முறையும் நிறைந்தால், ஆண்டு முழுதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுத் தொட்டி இப்படியொரு திட்டத்தில் வந்ததுதான். முதல் ஆண்டு தண்ணீர் இளநீர் போலத் தெளிவாக இருந்தது. இரண்டாம் ஆண்டு ஆவணியில் குழாயைத் திறந்தால் கடுந்தேநீர் நிறத்தில் வந்தது. முட்டை நாற்றம். மூடியைத் திறந்து என் மருமகன் டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. அதில் புளிய இலை, வேப்பம்பூ, தென்னம்பூ, ஒரு மயிலிறகு, ஊறிப்போன ஒரு அணில். அந்தத் தண்ணீரை அதற்கு முந்தைய வாரம்வரை என் பேத்தி குடித்திருக்கிறாள். அன்றைக்கு நான் அழுதேன். கட்டித் தந்தவர்களின் மீது கோபம் வந்தது. அதைவிட, ஒரு நாளாவது ஏணி வைத்து ஏறிப் பார்க்காமல் இருந்த என் மீது.

அதன் பிறகு ஒரு வருடம் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே கார்த்திகையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால், தை கடந்தும் காய்ந்த இலையையும் புழுதியையும் ஓட்டின் இடுக்கெல்லாம் திணிக்கும். பங்குனியில் புளி இலை உதிர்க்கும். சித்திரையில் வேப்பம்பூ. மயில்கள் கூரை மேட்டில் வந்து உட்காருகின்றன, எச்சமிடுகின்றன. பூனை வேறு. ஐந்தாறு மாத அழுக்கை வெயில் சுட்டு வைத்திருக்க, முதல் கோடை மழை அதை மொத்தமாக அள்ளித் தொட்டிக்குள் கொட்டுகிறது. இலை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றைத் தின்றுவிடுவதால்தான் அந்த நாற்றம். சாயமும் இலையிலிருந்து இறங்குவதே. ஆஷா சுகாதாரப் பணியாளர் கொடுக்கும் பிளீச்சிங் பவுடரை அளவாகப் போட்டாலும், 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம், அழுகல் இருக்கும் தொட்டியில் குளோரின் கிருமியிடம் போவதற்குள் சேற்றிலேயே தீர்ந்துவிடுகிறது.

எங்கள் தொட்டியின் மேல் வடிகட்டி இல்லாமல் இல்லை. கரியும் மணலும் ஜல்லியும் போட்ட பெட்டி ஒன்றை வைத்துத்தான் கொடுத்தார்கள். அதில்தான் பிழையே. இலை வரும் குழாயை நேராக மணல் மேல் விட்டால் இரண்டு மழையில் மணல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பெட்டிக்கு மேல் வழிந்து வீணாகும். கண்ணெதிரே தண்ணீர் வழிவதைப் பொறுக்காத மக்கள் என்ன செய்வார்கள்? மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் இதுதான் நடந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலையை மணலுக்கு வருமுன் நிறுத்த வேண்டும், அது நிற்க வேண்டிய இடம் கூரை ஓரம்.

இப்போது என் வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். பாத்தியிலிருந்து, அதாவது கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் காலிலிருந்து, தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறோம், ஏணி சாய்ப்பது போல நல்ல சரிவாக. தட்டையாக வைத்த வலையில் இலை படிந்து அடைக்கும். சாய்த்து வைத்ததில் தண்ணீர் உள்ளே போகும், இலை வழுக்கி வெளியே விழும், மிச்சம் ஒட்டியதைக் காய்ந்தபின் காற்றே தட்டிவிடும். முதலில் கோழிவலை போட்டுப் பார்த்தோம். தென்னம்பூ நின்றது, புளிய இலையும் வேப்பம்பூவும் நழுவிப் போயின. அதனால் பெரிய கண் வலைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலை இன்னொன்று. பழைய வேட்டித் துணியும் கட்டிப் பார்த்தோம். நான்கு கம்பு நட்டு வேட்டி கட்டி, நடுவில் கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்து மழை பிடித்த குடும்பம் எங்களுடையது. என் அம்மா அப்படிப் பிடித்த தண்ணீரில்தான் பருப்பு வேகவைப்பார். ஆனால் குழாய் வாயில் துணி நிற்காது, ஒரே மழையில் நனைந்து அடைந்துவிடும்.

அடுத்தது முதல் மழையை ஒதுக்குவது. கூரையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கூரை 50 சதுர மீட்டர். முதல் ஒரு மில்லிமீட்டரையாவது வெளியேற்ற வேண்டுமென்றால் 50 லிட்டரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. எங்களுக்குத் தந்த தொட்டியில் இதற்கென்று 110 மில்லிமீட்டர் பைப் ஒரு மீட்டர் நீளம் தொங்கவிட்டிருந்தார்கள். அது பிடிப்பது 9 லிட்டருக்கும் குறைவு. வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதியாயிற்று, 41 லிட்டர் அழுக்கு உள்ளே போயிற்று. இப்போது அந்த இடத்தில் 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைத்திருக்கிறோம். டிரம் நிறைந்தபின்தான் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். அடியில் ஊசித்துளை ஒன்று, ஒரு நாளில் டிரம் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அதன் மூடியைத் திறந்து சேற்றைக் கழுவுவது மட்டும் நம் கையில்.

தொட்டி வழிந்து வெளியேறும் குழாயின் வாயிலும் அதே நைலான் வலை வேண்டும். கொசுவும் எலியும் பல்லியும் நுழைவது அந்த வழியாகத்தான். 2006, 2007-ஆம் ஆண்டுகளில் சிக்குன்குனியா இந்த மாநிலத்தைப் படுத்திய பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசு. தண்ணீர் சேமிக்கச் சொல்லிவிட்டு, கொசுவுக்கும் ஒரு வீடு கட்டித் தரலாமா?

புளியமரத்தை வெட்டிவிடுங்கள் என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. வெட்டவில்லை. கூரை மேல் நீண்ட கிளைகளை மட்டும் கழித்தோம். இந்த வெயிலில் மரமில்லாத வீட்டில் யார் குடியிருப்பது?

உங்களிடம் கேட்பவை இவைதான். புதிய தொட்டிகளின் மதிப்பீட்டிலேயே பாத்தி, சாய்ந்த வலை, கூரை அளவுக்குப் பொருந்தும் முதல் மழை டிரம், தொட்டியின் அடியில் சேறு கழுவும் வால்வு, எல்லாம் இருக்கட்டும். குடிநீர்க் குழாய் தொட்டித் தரையிலிருந்து ஒரு கை உயரம் தள்ளி இருக்கட்டும். கோடையில் காய்ந்த தொட்டியைப் பார்த்துவிட்டு ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை கொடுக்காதீர்கள். ஒரு நல்ல மழை பெய்யட்டும், வார்டு உறுப்பினரும் ஓவர்சியரும் நேரில் வந்து தண்ணீர் போகும் வழியைப் பார்க்கட்டும், பிறகு கொடுங்கள்.

புதியவற்றுக்கு முன்னால், கைவிடப்பட்ட பழைய தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை நான் மன்றாடியே கேட்கிறேன். ஒரு வலைக்கும் டிரம்முக்கும் ஆகும் செலவு, ஒரு தொட்டி கட்டும் செலவில் மிகச் சிறிய பங்கு. எங்கள் தெருவில் கெட்டுக் கிடக்கும் ஐந்து தொட்டிகளும் சேர்ந்தால் 50,000 லிட்டர்.

ஆண்டுக்கொரு முறை கூரை கழுவுவதற்கும் ஆள் வேண்டும். என்னைப் போல மருமகன் பக்கத்தில் இருக்கும் வீடு எல்லாருக்கும் வாய்க்கவில்லை. தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாக்கள் ஓட்டின் மேல் ஏறக் கூடாது, ஏறவும் முடியாது. குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்து, சித்திரையில் வீடு வீடாகப் பாத்தி கழுவி, வலை பார்த்து வரச் செய்தால் அவர்களுக்கும் கூலி கிடைக்கும். வசதி உள்ள வீடுகள் அதற்குப் பணம் கொடுப்போம்.

மொழியைப் பற்றிச் சொன்னேன். தொட்டியோடு தந்த பராமரிப்புத் தாள் மலையாளத்தில் மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் தொட்டியைக் கையாளுகிற பெண்களில் பாதிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தாளே வேண்டாம், தொலைந்துவிடும். தொட்டியின் சுவரிலேயே தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: மழைக்கு முன் பாத்தி கழுவு, மழைக்குப் பின் டிரம் கழுவு, மூடியைத் திறந்து வைக்காதே. தொட்டியில் தண்ணீர் பிடிக்க வரும் பிள்ளைகளும் படித்துக்கொள்ளும்.

இடவம் (வைகாசி) பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் பணிக்குழுவோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வலையைக் கழற்றிக் காட்டுகிறேன், தொட்டித் தண்ணீரில் காபி போட்டுத் தருகிறேன். பிறகு மற்ற ஐந்து தொட்டிகளின் கூரைகளையும் ஏறிப் பார்த்துவிடலாம். ஏணி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

மரியாதையுடன்,
உங்கள் பஞ்சாயத்தின் ஓர் ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்