என் கையெழுத்தை வைத்து அந்தச் செயலிக்குச் சான்று தராதீர்கள்

பார்வையற்றோருக்கான கைப்பேசிச் செயலிகளைச் சோதித்துப் பட்டியலிட்ட மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட பரிந்துரைப் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். அது எப்படி உருவானது, யார் யாரை அழைத்தீர்கள், என்னென்ன செயலிகளை வைத்தீர்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அச்சிட்டதைப் படித்துச் சொல்லும் செயலிகளில் ஒன்றுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். 'பார்வையற்ற பயனாளர்களால் சோதிக்கப்பட்டது' என்று அதன் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். சோதித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வரிக்குப் பின்னால் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள், சோதனையை மறுபடி நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பிரஷருக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்து ஆங்கிலம் அவருக்கு ஆகாது. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆனாலும் மாத்திரைக் கணக்கு என் பொறுப்பு. பிரஷர் அட்டையில் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன், சர்க்கரை அட்டையைச் சும்மா வைப்பேன். பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மருந்து டப்பாவைத் துடைக்கும்போது அடியில் ஒரு அட்டை அகப்பட்டது. ஆறு மாத்திரை இருந்தது. ரப்பர் பேண்ட் இல்லை. எப்போது வாங்கியது என்று அம்மாவுக்கும் நினைவில்லை. சரி, அதற்குத்தானே செயலி இருக்கிறது என்று படம் எடுத்தேன். சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொன்னது, சரியாகவே சொன்னது. "காலாவதித் தேதி டிசம்பர் 2027" என்றும் சொன்னது. தயக்கம் இல்லாத, தெளிவான குரல். நான்கு நாள் அம்மா அதைத்தான் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை இலக்கணத்தில் சந்தேகம் கேட்க வந்தாள், ப்ளஸ் டூ படிக்கிறாள். அம்மா கையில் இருந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல தேதியே இல்லையே. அந்தப் பக்கத்த வெட்டிட்டுத்தான் குடுத்திருக்காங்க" என்றாள்.

மருந்துக்கடையில் முழு அட்டை வேண்டாம், பத்து மாத்திரை போதும் என்றால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். தேதி எந்தப் பாதியில் இருந்ததோ அந்தப் பாதி கடையிலேயே தங்கிவிடும். அந்த அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் கூராக, வெட்டுப்பட்டு இருந்தது. அவளை வைத்துக்கொண்டே மறுபடி மூன்று முறை படம் எடுத்தேன். முதல் முறை டிசம்பர் 2027. இரண்டாம் முறை மார்ச் 2027. மூன்றாம் முறை மறுபடி டிசம்பர். அட்டையில் இல்லாத தேதியை மூன்று முறையும் சொன்னது. 'தேதி தெரியவில்லை' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறார். மறுநாளே புது அட்டை வாங்கிவிட்டேன். ஆனால் அந்த நான்கு நாளும் காலையில் தண்ணீர் டம்ளரோடு அந்த மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தது என் கை.

இப்போது உங்கள் சோதனை அறைக்கு வருகிறேன். அன்றைக்கும் மாத்திரை அட்டையைத்தான் வைத்தீர்கள். முழு அட்டை, புது அட்டை, வெள்ளைத் தாளின் மேல் மடங்காமல் கசங்காமல் ஒட்டி வைத்த அட்டை. போன் உங்களுடையது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் ஆங்கிலக் குரலில், நான் வைத்துக்கொள்ளும் வேகத்தில் பாதிக்கும் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. தன்னார்வலராக வந்த தம்பி மிகவும் நல்லவர். என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மேல சார், லேசா இடது பக்கம், ஆங், அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லி, கேமரா நேராக வந்ததும் அவரே தட்டினார். செயலி கடகடவென்று படித்தது. "எவ்வளவு மார்க் போடட்டும் சார்?" என்று கேட்டார். எனக்கு அடுத்து ஆள் காத்திருந்தார்கள். "நாலு போடுங்க" என்றேன். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பிறகு கையெழுத்துக்கு ஒரு படிவம் கொடுத்தீர்கள். தாள் படிவம். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பார்வையற்றவன் படம் எடுக்கும்போது முதல் கஷ்டமே கேமராவை எங்கே நீட்டுவது என்பதுதான். அந்தக் கஷ்டத்தைத் தன்னார்வலர் எடுத்துக்கொண்டால் அங்கே எதைச் சோதித்தோம்? என் வீட்டில் என் மணிக்கட்டைப் பிடிக்க யாரும் இல்லை. நான் விளக்கைப் போட்டிருக்கிறேனா என்பதே எனக்குத் தெரியாது. சாயங்காலத்தில் அம்மா சொன்னால்தான் உண்டு. அட்டை மின்னும், வளையும், நடுவில் பிரித்த மாத்திரைகளின் ஓட்டை இருக்கும். அதைத்தான் நீங்கள் சோதித்திருக்க வேண்டும். வெட்டிய அட்டை ஒன்றையாவது அந்த மேசையில் வைத்திருந்தால், இந்தச் செயலி இல்லாததைச் சொல்லும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தெரியவில்லை என்று சொல்லத் தெரிவது பெரிய விஷயம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி செயலியைப் பாருங்கள். ரூபாய் நோட்டின் மதிப்பைச் சொல்லும், இணையம் இல்லாமலே வேலை செய்யும். நோட்டு நல்லதா கள்ளதா என்று இந்தச் செயலி சொல்லாது என்பதை ரிசர்வ் வங்கியே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அது போதும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது என்று எனக்குப் புரிந்துவிடும். புது நூறு ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு ரூபாய் 146. அகலம் இரண்டுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டரை ஓடுகிற பஸ்ஸில் விரலால் அளந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அந்தச் செயலி எங்களுக்கு வேண்டியிருக்கிறது. 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் செயலியிலும் இதே நன்மை உண்டு. வீடியோ அழைப்பில் மறுமுனைக்கு ஒரு தன்னார்வலர் வருவார். எழுத்து மங்கலாக இருந்தால் "தெரியலீங்க, கொஞ்சம் திருப்புங்க" என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. உங்கள் முதலிடச் செயலி செயற்கை நுண்ணறிவில் ஓடுவது. தெரியாத இடத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இந்த வகைக்கு உண்டு என்பதை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. பார்வை உள்ளவர் அந்தத் தவறை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பட்டைக்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். அதற்குள் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. எழுத்தை ஊகித்துப் படிப்பதைவிட அதைப் படிப்பது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் அந்தக் கோடு அட்டையில் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய ஒரு மேடு பள்ளம் கிடையாது. கோடு கேமராவுக்குள் வந்ததும் ஒரு சத்தம் கொடுத்து வழிகாட்டுகிறதா, கிடைத்ததைப் படித்துச் சொல்கிறதா என்று செயலிகளைச் சோதித்தீர்களா? உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அறிக்கையில் இருப்பது தானியங்கிச் சோதனையின் மதிப்பெண். கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர் போன்ற கருவிகள் உதவாது என்று நான் சொல்லவில்லை. பட்டனுக்குப் பெயர் விட்டுப்போயிருக்கிறதா, தொடும் இடம் சிறியதா, நிறம் மங்கலா என்று அவை பார்த்துவிடும். அந்தப் பெயர் சரியா தப்பா என்பது அவற்றுக்குத் தெரியாது. செயலி சொன்ன தேதி அட்டையில் இருக்கிறதா என்பதும் தெரியாது. இந்தச் செயலியின் இலவசப் பதிப்பில் திரை முழுக்க விளம்பரம் வரும். அதை மூடும் பட்டனுக்கு டாக்பேக் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். ஒரு திரையில் இப்படி மூன்று இருக்கின்றன. எதை இருமுறை தட்டினால் விளம்பரம் போகும், எதைத் தட்டினால் வேறு கடைக்குக் கொண்டுபோய் விடும் என்று நான் தட்டித் தட்டித்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் சோதனை போனில் கட்டணப் பதிப்பு இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

தமிழையும் விட்டுவிட்டீர்கள். நான் தமிழாசிரியர். பிள்ளைகளின் கேள்வித்தாள், சுற்றறிக்கை, ரேஷன் கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் எனக்குத் தமிழில்தான் வருகின்றன. இந்தச் செயலி துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கால்' என்பதைக் 'கரல்' என்று படிக்கிறது. அன்றைக்கு எனக்குக் கொடுத்த ஆறு தாளில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து எத்தனை வருஷம் ஆகிறது? தகவல் தொழில்நுட்பம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிஜிட்டல் சேவை எட்டுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று மறுபடி சொன்னது. கண்ணைச் சிமிட்டிக் காட்டினால்தான் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரை அடையாளம் சரிபார்ப்பது, முடியும் என்றால் பார்வையற்றவர் என்ன செய்வார் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கும் படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் பக்கங்களுக்குக் குறைவில்லை. டாக்பேக் ஓடுவதைக் கண்டால் பாதுகாப்பு ஆபத்து என்று சொல்லி மூடிக்கொள்ளும் செயலியும் என் போனில் இருக்கிறது. உங்கள் பரிந்துரைப் பட்டியலையே ஸ்கேன் செய்த படமாக வெளியிட்டீர்கள். டாக்பேக் அதைத் திறந்து "பக்கம் 1" என்று சொல்லி நின்றுவிட்டது. பார்வையற்றோருக்கான பட்டியலை இன்னொருவர் எனக்குப் படித்துக் காட்டினார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனால் கேட்க வந்ததை மறந்துவிடுவேன். உங்களில் சிலர் இந்த வேலையை உண்மையான அக்கறையோடு எடுத்துச் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கும் ஊர் திரும்பும் ஆட்டோவுக்கும் ஏற்பாடு செய்தவர்களை நான் மறக்கவில்லை. அந்த அக்கறையை நம்பித்தான் பணிவாகக் கேட்கிறேன்.

சோதனையை மறுபடி நடத்துங்கள். எங்கள் சொந்தப் போனில், நாங்கள் பழகிய குரலிலும் வேகத்திலும், எங்கள் வீட்டிலேயே நடத்துங்கள். ஒரு மாதமாவது கொடுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் எந்தச் செயலியும் தன் குறையைக் காட்டாது. யாரும் எங்கள் கையைப் பிடிக்க வேண்டாம். தமிழ்த் தாள்களைக் கொடுங்கள், கசங்கிய ரசீதைக் கொடுங்கள், வெட்டிய அட்டையைக் கொடுங்கள். செயலி சொன்னது சரியா என்று பார்வை உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சரிபார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். எத்தனை முறை சரி, எத்தனை முறை தப்பு, எத்தனை முறை 'தெரியவில்லை' என்று சொன்னது என மூன்றையும் தனித்தனியாக வெளியிடுங்கள். செயலி புதுப்பிக்கப்படும்போது திரும்பப் பாருங்கள். படிவத்தை டாக்பேக் படிக்கும்படி யூனிகோடு எழுத்தில் முன்கூட்டியே அனுப்புங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

அதுவரைக்கும் 'பார்வையற்ற பயனாளர்களால் சோதிக்கப்பட்டது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பட்டியல் வந்த பிறகு எனக்குத் தெரிந்த மூன்று பேர் அந்த வரியை நம்பி இந்தச் செயலியை இறக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தனியாக இருக்கிறார். மருந்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள் என்று மூவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களின் எண் என்னிடம் இல்லை. அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த அட்டையில் இன்னும் இரண்டு மாத்திரை இருக்கிறது. ஒரு கவரில் போட்டு, தவறி யாரும் எடுத்துவிடாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த சோதனைக்குக் கூப்பிடுங்கள், கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
சோதனையில் கலந்துகொண்ட தமிழாசிரியர் ஒருவர்