மலைவாழ் தாய்மார்களின் ரத்த அளவுக்கு மலைக்குரிய கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்தசோகை ஒழிப்பு என்றாலே இரும்புச்சத்து மாத்திரை வழங்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அது யாருக்கு இருக்கிறது என்று கண்டறியும் முறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சேர்வராயன் மலைக் கிராமங்களைப் பொறுத்தவரை இது கவலைக்குரியது.

உயரம் கூடக்கூட மூச்சுக்காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால், அங்கேயே வாழ்பவர்களின் உடல் அதை ஈடுகட்ட, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. எனவே சமவெளியில் போதுமான அளவு மலையில் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பரிசோதனையில் வந்த ஹீமோகுளோபின் அளவிலிருந்து (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு), 1,000 முதல் 1,499 மீட்டர் வரையிலான உயரத்தில் வாழ்பவருக்கு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை 1.1 கிராமும் கழித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். 500 மீட்டருக்குக் கீழே உள்ள சேலம் நகரத்தில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒரு நிறைமாதக் கர்ப்பிணிக்கு 11.4 என்று வந்தால், ரத்தசோகைக்கான எல்லையான 11-ஐத் தாண்டிவிட்டதால் குறையில்லை என்று அட்டையில் எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 0.8 மட்டும் கழித்தாலே அது 10.6 ஆகி, அவர் ரத்தசோகை உள்ளவராகிறார். தேசிய குடும்பநல ஆய்வு உயரத் திருத்தத்தைச் செய்தே தன் ரத்தசோகைக் கணக்கை வெளியிட்டது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று அதன் ஐந்தாவது சுற்று (2019-21) கூறியது. ஆய்வுக்குச் செய்த திருத்தத்தைச் சிகிச்சைக்குச் செய்யாமல் விடுவது நியாயமன்று.

கழிக்க வேண்டியது, கருவி இருக்கும் இடத்தைப் பார்த்தன்று, அந்தப் பெண் வாழும் ஊரைப் பார்த்து. மலையிலுள்ள நாகலூரிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கி வந்து பரிசோதித்துக்கொள்பவருக்கும் இது பொருந்தும். ஆகவே தாய்சேய் நல அட்டையில் ஊரின் உயரத்தையும் ஒரு வரியில் குறித்துவிட்டால், எந்த மருத்துவரும் குழப்பமின்றிக் கணக்கிடலாம். இதற்குப் புதிய கருவியோ பெரிய நிதியோ தேவையில்லை.

ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். விரல் நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறும் துளியை எடுப்பதே முறை. திறந்து வைத்த சோதனைப் பட்டைகளை மலையின் ஈரப்பதம் கெடுத்துவிடும். கண் இமையைத் தாழ்த்திப் பார்ப்பது கடுமையான ரத்தசோகையைக் காட்டலாம், லேசானதைத் தவறவிடும். பழைய சாலி முறையில் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதால், ஒரே ரத்தத்துக்கு இருவர் இரு அளவு சொல்லக்கூடும். ஒரே கிராம சுகாதார செவிலியர் பல குக்கிராமங்களுக்கு நடந்து செல்லும் நிலையில் இவற்றை அவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. மாதந்தோறும் சில கர்ப்பிணிகளின் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தத்தைச் சேலத்தில் உள்ள தானியங்கிக் கருவியில் சோதித்து, துணை சுகாதார நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்த மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏற்காடு ஒன்றியத்தின் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும், அந்தந்த ஊருக்குக் கழிக்க வேண்டிய அளவைத் தமிழில் அச்சிட்டு ஒட்டுவதிலிருந்து இதைத் தொடங்கலாம் என மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.