மண்டியிடச் சொன்ன பட்டாளத்துக்காரருக்கு

அன்புள்ள நேட் பாயர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஊரறியக் கடிதம் எழுதுவது உங்களுக்குப் புதிதல்ல. 2016 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக்குக்கு நீங்கள் எழுதியது அப்படி ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் நானும் எழுதுகிறேன். உங்கள் ஊர் ஃபுட்பாலின் விதிகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்பக்கம் எறிவதற்கென்றே அணியில் ஒருவர் உண்டு, நீங்கள் அந்த வேலைக்காரர் என்பதுவரை தெரியும்.

என் மாமாவும் பட்டாளத்தில் இருந்தவர். குடியரசு தினத்தன்று டிவியில் தேசிய கீதம் வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சோற்றுக் கையோடு எழுந்து, பட்டாளத்தில் ‘சாவ்தான்’ என்பார்களே, அப்படி விறைப்பாக நிற்பார். பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்தே இருப்போம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அன்று முழுக்க எங்களோடு பேச்சு குறைந்துவிடும். கீதம் ஒலிக்கும்போது கேப்பர்னிக் உட்கார்ந்திருந்ததைக் கண்டு முதலில் கோபம்தான் வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும்.

கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்காக எழுந்து நிற்க மாட்டேன் என்றார் கேப்பர்னிக். நீங்களோ கிரீன் பெரே சிறப்புப் படையில் ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் பார்த்தவர். 34 வயதில் சியாட்டில் அணியில் இடம் கிடைத்து, சீசனுக்கு முந்தைய ஒரே ஒரு ஆட்டத்தில், அதே கொடியைத் தூக்கிக்கொண்டு அணிக்கு முன்னால் ஓடி வந்தவர். அப்படிப்பட்டவர் திட்டியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ, நிறத்துக்காக ஒதுக்கப்படும் அனுபவம் எனக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, என்றாவது கேப்பர்னிக்குக்கு மறுபடி எழுந்து நிற்கத் தோன்றினால் பக்கத்தில் நானும் நிற்பேன் என்று முடித்தீர்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தீராத வியப்பு. செப்டம்பர் 1, சான் டியேகோ. ஆட்டத்துக்கு முன்பு ஹோட்டல் லாபியில் நீங்களும் கேப்பர்னிக்கும் அவருடைய அணித் தோழர் எரிக் ரீடும் உட்கார்ந்து பேசினீர்கள். நிற்பது அவரால் முடியாது, உட்கார்வதை உங்களால் தாங்க முடியாது. செத்துப்போன சகவீரனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் ஒற்றைக் காலில் மண்டியிடுவார்களே, அப்படிச் செய்யலாமே என்று சொன்னது நீங்கள்தான். உலகமெங்கும் பரவிய அந்தச் சைகைக்கு யோசனை தந்தது ஒரு சிப்பாய் என்பது அதைத் திட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

எங்கள் மொழியில் மண்டியிடுவது என்றால் அடிபணிவது. பள்ளிக்கூடத்திலே முட்டி போடுவது தண்டனை. எப்படிப் பார்த்தாலும் திமிர் என்ற அர்த்தம் வராது. உங்கள் ஊரில் மட்டும் எப்படி வந்ததோ! அன்றிரவு அந்த மைதானத்தில் ராணுவத்துக்கு மரியாதை செய்யும் விழா வேறு. அவரும் ரீடும் மண்டியிட, பக்கத்தில் நீங்கள் நெஞ்சில் கைவைத்து நிற்க, கூட்டம் கூச்சலிட்டது.

கூச்சலிட்டவர்கள் இரண்டு கணக்குகளை மறந்துவிட்டார்கள். ஒன்று, ஜாக்கி ராபின்சன். பேஸ்பாலில் நிறவெறிச் சுவரை உடைத்தவர், ராணுவ அதிகாரியாகவும் இருந்தவர். 1944இல் டெக்சாஸில் பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். கீதத்துக்கு எழுந்து நின்று பாட என்னால் முடியாது என்று 1972இல் தன் வாழ்க்கையை எழுதும்போது அவர் சொல்லிவிட்டார். கேப்பர்னிக் புதிதாக எதையும் கிளப்பவில்லை.

இன்னொன்று, பணக் கணக்கு. வீரர்களைக் கௌரவிப்பது, பிரம்மாண்டக் கொடி விரிப்பது போன்ற மைதானக் காட்சிகளுக்காக உங்கள் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குச் சுமார் 68 லட்சம் டாலர் கொடுத்திருந்ததை 2015இல் செனட்டர்கள் மெக்கெயினும் ஃபிளேக்கும் அம்பலப்படுத்தினார்கள். மறு ஆண்டு உங்கள் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு கொடி விரித்தவர்கள் தேசபக்தர்கள், வேலையைப் பணயம் வைத்து மண்டியிட்டவர் துரோகி. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த கேப்பர்னிக்கை அதன்பின் எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

உங்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. போலீஸ் கையால் கறுப்பர்கள் சாவதுதான் அவர் எடுத்த பேச்சு. மண்டியிடுவது மரியாதைதான் என்று நீங்கள் விளக்க, இல்லை அவமரியாதை என்று மற்றவர்கள் கத்த, கடைசியில் நாடே முட்டியைப் பற்றித்தான் பேசியது. 2017 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அலபாமா மேடையில் மண்டியிடுகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் ஏசி வெளியே தள்ளச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை 200க்கு மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருடைய கோபம் டிரம்ப் மேல்தான். செத்தவர்கள் பேச்சிலிருந்தே போய்விட்டார்கள்.

அதே நாள் சிகாகோவில் உங்களைப்போல ராணுவத்திலிருந்து வந்த அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா, தன் அணி உள்ளேயே நின்றுவிட, சுரங்கப்பாதை வாசலில் தனியாக நெஞ்சில் கைவைத்து நின்றார். அவர் பெயர் போட்ட ஜெர்சிகள் விற்றுப் பறந்தன. அவரோ மறுநாள், சகாக்களை விட்டுவிட்டுத் தனியாக நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்றார். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் இந்த உறுத்தல் வரும்போல.

சில மாதங்களுக்கு முன் உங்கள் சான் டியேகோ படத்தை மாமாவிடம் காட்டினேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மண்டியிட்டிருந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்களைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இவன் பட்டாளத்துக்காரன்னு சொன்னே? சாவ்தான்ல நிக்காம எதுக்குடா நெஞ்சுல கை வச்சிருக்கான்?"

அன்புடன்,
பட்டாளத்து வீட்டுப் பிள்ளை ஒருவன்