1898ஐ விட்டுவிட்ட வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா காலனிகளே இல்லாத வல்லரசு என்றும், அதன் ஆதிக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தொடங்கியது என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. பலரும் நம்பும் கருத்துதான் அது. ஆனால் 1898ஆம் ஆண்டில் நடந்தவற்றைப் படித்தவர்களால் அதை ஏற்க இயலாது.

கியூபாவின் விடுதலைக்குத் துணை நிற்பதாகச் சொல்லியே அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா ஸ்பெயினுடன் போரில் இறங்கியது. கியூபாவைத் தன்னுடன் இணைத்துக்கொள்ளும் எண்ணமில்லை என அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானமும் நிறைவேற்றியது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மற்றத் தீவுகளைப் பற்றி அத்தீர்மானம் எதுவும் சொல்லவில்லை. டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையால் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவும் பசிபிக் தீவான குவாமும் அமெரிக்காவின் வசமாயின. பிலிப்பைன்ஸ் 2 கோடி டாலருக்குக் கைமாறியது. இடையில், ஜூலையில், ஹவாயும் இணைக்கப்பட்டுவிட்டது.

பிலிப்பினோ விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோ ஜூன் 12 அன்றே பிலிப்பைன்ஸின் விடுதலையை அறிவித்திருந்தார். ஆயினும் தங்கள் நாட்டின் தலைவிதி முடிவான பாரிஸ் பேச்சுவார்த்தையில் அம்மக்களின் பிரதிநிதிக்கு இடம் தரப்படவில்லை. 1899 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கும் பிலிப்பினோக்களுக்கும் இடையே மூண்ட போரில் 4,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் சுமார் 20,000 பிலிப்பினோ போராளிகளும் இறந்தனர். வன்முறையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் மடிந்த பொதுமக்களின் எண்ணிக்கை 2 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. பிலிப்பைன்ஸின் சமார் தீவில், ஆயுதம் ஏந்தக்கூடிய, பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொல்லுமாறு ஆணையிட்ட அமெரிக்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், இராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பின் பெற்ற தண்டனை கண்டிப்பும் கட்டாய ஓய்வும் மட்டுமே. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. எழுத்தாளர் மார்க் ட்வைன் போன்ற அமெரிக்கர்களே அக்காலத்தில் இப்போரைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பிலிப்பைன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது. புவேர்ட்டோ ரிக்கோவின் நிலை வேறு. அத்தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் அரசியலமைப்பு முழுமையாகப் பொருந்தும் அளவுக்கு அமெரிக்காவின் பகுதியன்று என்ற கருத்தை, 1901இல் டவுன்ஸ் எதிர் பிட்வெல் வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 1917 முதல் அம்மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். எனினும் தீவில் வாழும்வரை அவர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. காங்கிரசுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரே பிரதிநிதிக்கும் சட்டங்களின் மீதான இறுதி வாக்கெடுப்பில் வாக்குரிமை இல்லை. டவுன்ஸ் வழக்கு உள்ளிட்ட அந்தப் பழைய தீர்ப்புகள் அரசியலமைப்பில் அல்ல, இனம் பற்றிய தப்பெண்ணங்களின் மீதே நிற்கின்றன என்று 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச் எழுதினார். ஆயினும் அவை முறைப்படி நீக்கப்படவில்லை.

சட்டமே இவ்வாறு பிரித்து வைத்திருக்கும் மக்களைக் காலனி மக்கள் என்றல்லாமல் வேறு எவ்வாறு அழைப்பது என்பதைக் கட்டுரையாளர் விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்