அடைப்பு வாசலில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் இதேபோன்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது; ரூ.1 லட்சமாக இருந்த அதன் உச்சவரம்பு பிறகு 2 லட்சமானது. அடிக்கடி விபத்து நடக்கும் தொப்பூர் கணவாய் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக்கு இரண்டுமே பெரிய ஆறுதல். ஆனால் இவை தீர்ப்பது பில் பிரச்சினையை. அவசர சிகிச்சைப் பிரிவு மூச்சுத் திணறுவது வேறு இடத்தில்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களை வைக்கும் சிவப்புப் பகுதியில் செயற்கைச் சுவாசக் குழாய் போட்டு, ரத்தப்போக்கை நிறுத்தி, நிலைப்படுத்திய நோயாளிக்கு ஐ.சி.யு.வில் இடமில்லை என்றால், வென்டிலேட்டரோடு அங்கேயே கிடப்பார். அடுத்த 108-இல் வருபவருக்கு ஸ்ட்ரெச்சர்தான் படுக்கை. ஐ.சி.யு. ஏன் காலியாகவில்லை? தேறியவரை மாற்ற வார்டில் இடமில்லை. வார்டில் ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி, ஆள் கிளம்பப் பிற்பகலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் இல்லை. காப்பீட்டுத் தொகையை இரட்டிப்பாக்கினாலும் இந்தச் சங்கிலி நகராது.

இங்கிலாந்தில், அவசரப் பிரிவுக்கு வருபவரை 4 மணி நேரத்துக்குள் அனுமதிக்கவோ, மாற்றவோ, வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கெடு முடியும் கடைசி நிமிடங்களில் அவசர அவசரமாக ஆட்களை நகர்த்தும் கூத்தும் நடந்தது. இருந்தாலும் காத்திருப்பு நேரம் வெளியே தெரிந்தது. இங்கே ‘சிவப்புப் பகுதியிலிருந்து ஐ.சி.யு.வுக்கு எத்தனை மணி நேரம்’ என்பதை மாதந்தோறும் வெளியிட்டால் போதும். எங்கே அடைப்பு என்று தானே தெரிந்துவிடும்.

அடுத்தது ரெஃபரல் சீட்டு. ‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டைக் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்: முதலில் 10 நிமிடம் எடுத்து 1 கிராம், பின்னர் 8 மணி நேரம் மெதுவாக இன்னொரு 1 கிராம். தாமதமாகத் தொடங்கினால் தீங்கும் நேரலாம். முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதாவிட்டால், அடுத்த மருத்துவமனை அதையே இரண்டாம் முறை போடும், அல்லது போடாமலே விடும். பாம்புக்கடிக்கு எத்தனை குப்பி விஷமுறிவு ஏற்றினார்கள் என்பதும் அப்படித்தான். அனுப்பும் டாக்டர் ஒரு போன் செய்தால் அங்கே படுக்கையும் ரத்தமும் தயாராக இருக்கும்.

மத்தியத் திட்டத்தில், இது வாகன விபத்துதான் என்று போலீஸ் இணையவழியில் உறுதிசெய்ய வேண்டும்; சாதாரணக் காயத்துக்கு 24 மணி நேரம், உயிருக்கு ஆபத்தான நிலைக்கு 48 மணி நேரம் கெடு. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற இழுபறியில் அந்த நேரம் கரையக் கூடாது. மாவட்ட நிர்வாகம் நெடுஞ்சாலை ஸ்டேஷன்களுக்கு இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிக்கலாம். உறவினர்களும் நோயாளியை வேறிடம் கொண்டுபோகும் முன் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலையும் சி.டி. ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

– அவசர சிகிச்சைப் பிரிவு முன்னாள் செவிலியர்,
பாலக்கோடு.