லிட்யார்டுக்கும், அவர் வழியில என்னை ஓட வெச்சவங்களுக்கும்

ஆக்லாந்து மராத்தான் நல்லபடியா முடிஞ்சது, கடைசி கிலோமீட்டர் வரைக்கும் நடக்காம ஓடியே முடிச்சேன். வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனா இந்த நன்றி யாருக்கெல்லாம் போய் சேரணுமோ அவங்களைப் பத்தி எழுதாம இருக்க மனசு வரல.

முதல்ல ஆர்தர் லிட்யார்ட், நியூசிலாந்தோட பெரிய ஓட்டப் பயிற்சியாளர். 2004லயே காலமாயிட்டார், நான் பார்த்ததில்ல. இந்த ஊர்ல ஷூ ஃபேக்டரில வேலை பார்த்த மனுஷன். நண்பரோட கொஞ்ச தூரம் ஓடினதுக்கே மூச்சு வாங்கிடுச்சுன்னு, வருஷக்கணக்கா தன் உடம்பையே வெச்சு எவ்ளோ ஓடினா தாங்குது எங்க ஓஞ்சு போகுதுன்னு பார்த்துட்டு, அப்புறம்தான் அக்கம்பக்கத்து பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்ல தங்கம், அதே நாள்ல, ஒரு மணி நேரத்துக்குள்ள, மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டர்ல தங்கம், அப்புறம் பேரி மகீ மராத்தான்ல வெண்கலம். மூணு பேருமே அவர்கிட்ட பயிற்சி எடுத்தவங்க.

எனக்கு புல்லரிக்கிற விஷயம் ஸ்னெல்தான். ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியுற ஓட்டத்துக்கு ஒருத்தரை வாரம் 100 மைல் ஓட விட்டு, இங்க பக்கத்துல வைட்டாகெரே மலையில வையடாருவாங்கிற 22 மைல் சுத்துப் பாதையையும் ஓட வெச்சிருக்கார். பின்னாடி அதே ஸ்னெல் அமெரிக்காவுல உடலியல் ஆராய்ச்சியாளரா ஆகி காரணம் சொன்னார்: ரொம்ப நேரம் நிதானமா ஓடும்போது, மெதுவான ஓட்டத்துக்கான தசை இழைகள்ல கிளைகோஜன் (தசையில சேர்த்து வெச்சிருக்கிற சர்க்கரை) தீரத் தீர, வேகத்துக்கான தசை இழைகளும் வேலைக்கு இறங்கிடுது. குரு மனசுல பட்டதை செஞ்சார், சிஷ்யர் லேப்ல நின்னு விளக்கம் கொடுத்தார், இதை விட ஒரு கோச்சுக்கு என்ன மரியாதை வேணும் சொல்லுங்க.

ஹார்ட் அட்டாக் வந்தவங்களைக்கூட மெதுவா ஜாகிங் பண்ண வெச்சவர் அவர். 1962ல இங்க வந்த அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் அதைப் பார்த்துட்டுப் போய்தான் அமெரிக்காவுல பரப்பினார். நாம காலைல பார்க்ல பார்க்கிற ஜாகிங்குக்கும் இந்த ஊருக்கும் அவ்ளோ நெருக்கம்.

அடுத்து எங்க ஞாயித்துக்கிழமை குரூப் பெரியவங்க. அவங்களுக்கு தமிழ் தெரியாது, நேர்லயே சொல்லிட்டேன், நம்மாளுங்களுக்கும் தெரியணும்னுதான் இங்க எழுதறேன். அதுல எழுபது தாண்டின ஒரு தாத்தா, மலை ஏத்தத்துல பக்கத்துலயே வந்து நேத்து என்ன சமைச்சேன்னு கேப்பார். நான் ரசம், உருளைக்கிழங்கு வறுவல்னு முழுசா பதில் சொன்னா அதே வேகம், ரெண்டு வார்த்தைக்கு நடுவுல மூச்சு வாங்கினா உடனே வேகத்தை கொறச்சிடுவார், வாட்ச்சை திரும்பிக்கூட பார்க்க மாட்டார். பேச முடியுற வேகத்துல ஓடுன்னு லிட்யார்ட் சொன்னது அவர் கிட்ட அப்படியே இருக்கு. வேகமா ஓடக்கூடியவங்க எல்லாம் எனக்காக திருப்பத்துல நின்னு காத்திருப்பாங்க, ஒரு நாள்கூட ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல.

வீட்ல, மதுரைல இருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கிட்ட எங்க அத்தைக்கு நான் ரொம்ப கடன்பட்டிருக்கேன். நான் இருட்டோட கிளம்புறேன்னு ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல, திரும்பி வரும்போது சுடச்சுட இட்லியும் வெந்நீரும் ரெடியா இருக்கும். என் வீட்டுக்காரர் ஃபினிஷ் லைன்ல நின்னு கத்தின கத்துல அவருக்கு தொண்டையே கட்டிடுச்சு, அவருக்கும் நன்றி.

வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பவும் டிட்டிராங்கி பக்கம் போறோம். ஆக்லாந்துல இருக்கிற நம்ம பொண்ணுங்க யாராவது ஓட ஆசைப்பட்டா மெசேஜ் போடுங்க, மெதுவாத்தான் ஓடுவோம், நானே கூட வரேன்.