ஃபும்பான் போய் வந்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து ரொம்ப மகிழ்ந்தேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அதையும் எழுது.

நான் போன வாரம் டுவாலாவிலிருந்து ஃபும்பானுக்குப் போய் வந்தேன். கேமரூனின் மேற்கில் இருக்கும் பாமும் என்னும் பாரம்பரிய அரசின் தலைநகர் அது. 2024 ஏப்ரலில் திறந்த அரசர்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க நெடுநாள் ஆசை. கட்டடமே அரசின் சின்னம்தான்: இருதலைப் பாம்பு, சிலந்தி, வாசலில் இரட்டை மணி. இரண்டு பக்கமும் எதிரிகளைச் சமாளித்து வென்ற எம்புவெம்புவே அரசரை நினைவூட்டுகிறது அந்தப் பாம்பு. முன்பு பழம்பொருள்கள் அரண்மனை அறைகளில்தான் இருந்தனவாம். புதிதாகக் கட்டத் திட்டமிட்ட சுல்தான் இப்ராகிம் எம்போம்போ என்ஜோயா 2021இல் காலமாகிவிட்டார். திறப்பு விழாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

தமிழ் வாத்தியாரான உனக்கு இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இப்ராகிம் சுல்தானுடைய தாத்தா சுல்தான் என்ஜோயா 1896 வாக்கில் தன் மொழிக்குச் சொந்தமாக ஓர் எழுத்தை உருவாக்கினார். முதலில் ஐந்நூறுக்கு மேல் குறிகள். திருத்தித் திருத்திக் கடைசியில் எண்பதாகச் சுருக்கினார். பள்ளிகள் வைத்தார், தன் மக்களின் வரலாற்றையும் வழக்கங்களையும் எழுதினார். பிரெஞ்சு ஆட்சி பள்ளிகளை மூடியது, 1931இல் அவரைக் கேமரூன் தலைநகர் யாவுண்டேக்கு நாடுகடத்தியது. இரண்டே வருடத்தில் அங்கேயே இறந்தார். ஓர் எழுத்துக்காக ஒருவர் இவ்வளவு பாடுபட்டதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் ஓர் அரியணையின் கதை. பாசிமணியும் சோழியும் பதித்தது, பின்னால் இரண்டு பணியாளர் உருவங்கள், கால் வைக்கும் பலகையில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பு கேமரூனை ஆண்டது ஜெர்மனி. 1908இல் ஜெர்மன் பேரரசருக்கு நகலைத்தான் கொடுப்பதாக இருந்தது. நகல் நேரத்துக்கு முடியாததால், தன் அப்பா உட்கார்ந்த அரியணையையே என்ஜோயா கொடுத்தார். அது இன்னும் பெர்லினில்தான் இருக்கிறது, நகல் ஃபும்பானில். பரிசு என்கிறார்கள். ஆள வந்தவனுக்குக் கொடுத்ததை நான் பரிசு என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் இந்த மக்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று: பழம்பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுவதில்லை. சடங்குகளுக்கு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எங்குவோன் திருவிழாவில் அரசரை நிற்க வைத்து, ஆட்சியில் உள்ள குறைகளை மக்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா அது.

அடுத்த எங்குவோனுக்கு நீயும் வா. முழங்கால் சரியானதும் சொல், டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்